கட்டைக்குரல்

செம்பூர் ரயில் நிலையத்திலிருந்து கால் மணி நேரம் நடந்தால் டிரான்ஸ்பார்மர் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்று வரும். அதன் டெலிபோன் போர்டில் வேலை பார்த்தவள் பூமாரி. வயது இருபத்திரண்டு, வீடு தாராவியில். கம்பெனிக்குப் போன் செய்கிறவர்களில் பாதிக்கு மேல் அவளை ஆண் என்று நினைத்து 'பாய்சாப்' (அண்ணே) என்றுதான் கூப்பிட்டார்கள். மிச்சப் பேர் 'சார்' என்றார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அவளும் திருத்திப் பார்த்தாள். சொன்னதும் எதிர்முனையில் ஒரு சிரிப்பு கேட்கும், பிறகு ஒரு மன்னிப்பு வரும், அடுத்த நாள் அதே ஆள் மறுபடி 'பாய்சாப்' என்பார். இரண்டாவது மாதம் அவள் அந்த முயற்சியை விட்டுவிட்டாள்.

அவளுக்குக் கட்டைக்குரல். தொண்டையில் கோளாறு எதுவும் கிடையாது. பிறவியிலேயே அப்படி. கார்ப்பரேஷன் தமிழ்ப் பள்ளியில் படிக்கும்போது கடவுள் வாழ்த்துப் பாடும் கூட்டத்தில் அவளை நிற்க வைத்த டீச்சர், இரண்டே நாளில், "நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்" என்று சொல்லிவிட்டார். அம்மா ஆறுமுகத்தாய் தேனும் மிளகும் கொடுத்துப் பார்த்தாள், பனங்கற்கண்டு போட்டுப் பாலும் கொடுத்துப் பார்த்தாள். குரல் இன்னும் கொஞ்சம் இறங்கியது போலத்தான் இருந்தது. "பொண்ணு பாக்க வாரவங்க முன்னால நீ பேசாம இருந்தாப் போதும்" என்பாள் அம்மா. அப்பா வானமாமலைக்கு தாதர் ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. அவருக்கு இதில் வருத்தமே இல்லை. "எம்மவ கூப்பிட்டா ரெண்டு பிளாட்பாரம் தள்ளிக் கேக்கும்" என்று கூட வேலை செய்கிறவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

பூமாரிக்குப் பாடப் பிடிக்கும். ஆனால் யார் முன்னாலும் பாடமாட்டாள். மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டு வரை போர்டில் விளக்குகள் எரியாது, எல்லாரும் சாப்பிடப் போயிருப்பார்கள். அந்த ஒரு மணி நேரம் ஹெட்போனைக் கழற்றாமலே தனக்குத் தோன்றியதைப் பாடிக்கொண்டிருப்பாள். சினிமாப் பாட்டுகள் அவள் குரலுக்கு ஏறவில்லை. அதனால் அவளே வரி கட்டிப் பாடினாள். போனில் பேசுகிறவர்களைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் மழையில் ஒழுகும் தகரத்தைப் பற்றியும் பாடினாள்.

எண்பத்தாறாம் வருஷம் ஜூன் மாதம், மழை பிடித்து நான்காவது நாள், ஒன்றேகாலுக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் அணுசக்தி நகரில் டெக்னீஷியன். அந்த வாரத்தில் அவர் போன் செய்வது அது மூன்றாவது தடவை. அவருக்கு ஒரே ஒரு டிரான்ஸ்பார்மர் வேண்டும். கம்பெனியோ டஜன் கணக்கில்தான் விற்கும். "சேல்ஸ்ல யாராவது இருக்காங்களான்னு பாக்கேன், இருங்க" என்று சொல்லி அவரை சேல்ஸ் எக்ஸ்டென்ஷனுக்குத் தள்ளினாள். அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஆள் வைத்துவிட்டுப் போயிருப்பார் என்று நினைத்து அவள் பாட ஆரம்பித்தாள். தன் குரல் லைனுக்குள் போகாமல் தடுக்கும் போர்டுச் சாவியை மேலே தூக்க மறந்திருந்தாள்.

நாலு நிமிஷம் பாடியிருப்பாள். மூச்சு வாங்க நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க சார்?" என்றது காதில் ஒரு குரல்.

பூமாரி சட்டென்று சாவியைப் பார்த்தாள். "நீங்க இன்னும் லைன்லயா இருக்கீங்க?"

"மணி அடிச்சுது. அதுக்கு நடுவுல நீங்க பாடுனீங்க. எங்க கத்துக்கிட்டீங்க சார்?"

"நான் சார் இல்ல. பொம்பள."

எதிர்முனையில் சிரிப்பு வரவில்லை. "அப்படியா? அப்போ இன்னும் நல்லதாப் போச்சு" என்றார் அவர். "எம்பேரு கணேசபாண்டியன், சொந்த ஊர் விருதுநகர். நாங்க மூணு பேர் ஒரு பேண்ட் வச்சிருக்கோம்மா. பாட ஆள் இல்ல. பாடிக்கிட்டிருந்தவன் கப்பல் வேலைக்குப் போயிட்டான்."

"கல்யாணத்துல பாடுவீங்களா?"

"இல்ல. ராக் பாட்டு."

"அப்படின்னா?"

கணேசபாண்டியன் யோசித்துப் பார்த்தார். "சத்தமா இருக்கும்" என்றார்.

எங்கே வாசிப்பீர்கள் என்று கேட்டாள். தாராவியில் ஒரு தோல் பட்டறையில், ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறை மூடியிருக்கும்போது, என்று சொல்லி அடையாளமும் சொன்னார். பூமாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் வீட்டிலிருந்து மூன்று சந்து தள்ளித்தான் அந்தப் பட்டறை. இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கமிருந்து ஒரு பெரிய சத்தம் வரும். மாவு மில்லில் பெல்ட் அறுந்துவிட்டது என்றுதான் ஆறுமுகத்தாய் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாகப் போகவில்லை. வானமாமலையையும் கூட்டிக்கொண்டு போனாள்.

பட்டறை அப்துல் வாஹிதின் பெரியவாப்பாவுடையது. வாஹித் அங்கேதான் தோல் வெட்டுகிறான், பை தைக்கிறான். அவன்தான் டிரம்ஸ். வயது இருபத்து மூன்று, ஒல்லியாக இருப்பான், சும்மா இருக்கும்போதும் விரல்கள் எதையாவது தட்டிக்கொண்டிருக்கும். மாட்டுங்காவில் கல்லூரிக் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த ஸ்ரீவத்ஸன் கிட்டார். அவன் அப்பா பேங்கில் ஆபீசர், வீட்டில் கிட்டாரைத் தொட்டாலே மேல்மாடிக்காரர்கள் இறங்கி வந்துவிடுவார்கள். கணேசபாண்டியன் மூவரில் மூத்தவர், முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். பேஸ் கிட்டார் அவருடையது. ஆம்ப்ளிஃபயரைப் பழைய வால்வுகளை வாங்கி அவரே கட்டியிருந்தார். பூமாரியின் கம்பெனியில் ஒருவழியாக வாங்கிய டிரான்ஸ்பார்மர் அதற்குள்தான் இருந்தது. தோலும் பசையும் மணக்கும் அந்த அறையில், தொங்கிய பைகளுக்கு நடுவே, நாலு பேர் நிற்கத்தான் இடம். வானமாமலை ஓர் ஓரத்தில் மடித்து வைத்திருந்த தோல் அடுக்கின் மேல் உட்கார்ந்தார். வாஹித் முதல் அடி அடித்ததும் ஒரு தரம் திடுக்கிட்டார். பார்சல் ஆபீசில் இருபது வருஷம் இருந்தவர் ஆதலால் பிறகு பழகிப்போய், கால் மணி நேரத்தில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

ஸ்ரீவத்ஸன் ஓர் இங்கிலீஷ் பாட்டின் வரிகளை எழுதிக் கொடுத்திருந்தான். போனில் பேசுகிற அளவுக்குத்தான் பூமாரிக்கு இங்கிலீஷ் வரும். வரிகளைத் தப்பில்லாமல் வாசித்தாள், ராகமும் பிடித்துவிட்டாள், ஆனாலும் பாட்டில் உயிரில்லை. மூன்று தடவை பாடிப் பார்த்தார்கள். ஸ்ரீவத்ஸன் முகம் சுண்டிப்போயிற்று. "வாய்ஸ் நன்னாத்தான் இருக்கு. ஆனா ஃபீல் வரலையே" என்று கணேசபாண்டியனிடம் தாழ்ந்த குரலில் சொன்னான். பூமாரிக்கும் அது கேட்டது.

"எனக்குப் பாட வரலன்னா சொல்லிடுங்க, போயிடுதேன்" என்றாள்.

"அன்னைக்குப் போன்ல பாடுனது என்ன பாட்டும்மா? அதப் பாடு" என்றார் கணேசபாண்டியன்.

"அது பாட்டே இல்ல அண்ணாச்சி. சும்மா."

"சும்மாவே பாடு."

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு பாடினாள்.

யாரு பேசுதது, யாரு பேசுதது?
ஆம்பளையா பொம்பளையா, யாரு பேசுதது?
பேரச் சொன்னாப் போதாதா, ஊரச் சொல்லணுமா?
ஒங்க வீட்டுப் போனுக்குள்ள
நானே வந்து நிக்கணுமா?

இரண்டாவது வரியிலேயே வாஹிதின் விரல்கள் ஆரம்பித்துவிட்டன. மூன்றாவது சுற்றில் பேஸ் சேர்ந்தது. ஸ்ரீவத்ஸன் கடைசியில்தான் சேர்ந்தான். இரண்டே இரண்டு சுரங்களைத் திரும்பத் திரும்பக் கரகரவென்று இழுத்தான். அந்தக் கரகரப்புக்கு மேலே பூமாரியின் குரல் ஏற வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அதற்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. பாடி முடித்துத் திரும்பியபோது மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. அவளுக்கு வித்தியாசம் தெரியும்.

"'பேசுதது'ன்னா பேசுறதுதானே? மாத்திடலாமா? மாட்டுங்காவுல புரியாது" என்றான் ஸ்ரீவத்ஸன்.

"மாத்துனா வாய்க்கு வராது" என்றாள் பூமாரி.

"மாத்தாத. 'தது'ல எனக்கு ஒரு அடி கெடைக்குது" என்றான் வாஹித்.

அந்தச் சொல் அப்படியே நின்றது.

வரிகளை எழுதி வைப்பதில் ஒரு சிக்கல் வந்தது. ஸ்ரீவத்ஸனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. வாஹித் இந்தியில் படித்தவன். அதனால் பூமாரி தனக்கும் கணேசபாண்டியனுக்கும் தமிழில் எழுதி, மற்ற இருவருக்கும் அதையே இந்தி எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். இந்தியில் 'ழ' இல்லை. 'மழை' வரும் இடத்திலெல்லாம் வட்டம் போட்டு வைத்தாள். பேச்சிலும் 'ழ' சரியாக வராத ஸ்ரீவத்ஸன், பூமாரியோடு சேர்ந்து பாடும்போது அந்த வட்டத்துக்கு முன்னால் கொஞ்சம் பயந்து நிற்பான்.

பேண்டுக்குப் பெயர் வைக்க நாலு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. ஸ்ரீவத்ஸன் கொண்டுவந்த இங்கிலீஷ் பெயர்கள் எல்லாம் பயங்கரமாக இருந்தன. இடி, எரிமலை, கழுகு என்றெல்லாம் பட்டியல் போட்டிருந்தான். வாஹித், பட்டறைக்குப் பக்கத்தில் போகும் ரோட்டின் பெயரையே வைக்கலாம் என்றான். அந்த ரோடு தொண்ணூறடி ரோடு. வீட்டிலிருந்து எங்கே போவதானாலும் அதில் ஏறித்தான் போக வேண்டும். கணேசபாண்டியன் தமிழில் எழுதிப் பார்த்தார், தொண்ணூறடி. 'அடி' என்று முடிவது வாஹிதுக்குப் பிடித்துப் போயிற்று. ஸ்ரீவத்ஸன் தலையில் அடித்துக்கொண்டான், ஆனாலும் மறுக்கவில்லை.

டிசம்பரில் மாட்டுங்காவில் ஒரு கல்லூரி விழா நடந்தது. வெஸ்டர்ன் பேண்ட் போட்டியில் பதினைந்து நிமிஷம் கிடைத்தது. இரண்டு இங்கிலீஷ் பாட்டு, ஒன்று சொந்தப் பாட்டு என்று ஸ்ரீவத்ஸன் முடிவு செய்தான். மேடையில் அறிவித்தவன் பேண்டின் பெயரை மூன்று தடவை முயன்று பார்த்து, கடைசியில் "டோனி ராடி" என்று முடித்தான். இங்கிலீஷ் பாட்டுகளுக்கு அளவாகக் கைதட்டல் கிடைத்தது. மூன்றாவது பாட்டில் பூமாரி வாயைத் திறந்ததும் கூட்டம் முதலில் குழம்பியது. பிறகு நடுவிலிருந்து ஒருவன், "அண்ணா, ஏக் பிளேட் இட்லி!" என்று கத்தினான். அவ்வளவுதான். தமிழ்க்காரர்களை இட்லிக்கடை அண்ணாவாக்கிக் கேலி செய்வது அந்த ஊர் வழக்கம், நான்கு பக்கமிருந்தும் இட்லி, சாம்பார் என்று கூச்சல் பறந்தது. சிலர் அவள் குரலைப் போலவே தொண்டையைக் கனைத்துக் காட்டினார்கள்.

பூமாரி பாட்டை நிறுத்தவில்லை. பாடிக்கொண்டே ஒன்று கவனித்தாள். கத்துகிறவர்களின் சத்தம் மேலே இருந்தது, அவளுடையது கீழே ஓடியது. இரண்டும் மோதிக்கொள்ளவே இல்லை. பின்னால் வாஹித் ஓர் அடியும் தவறாமல் அடித்துக்கொண்டிருந்தான். அவள் கடைசி வரி வரை பாடி முடித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், "சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"பொறவு?"

"பாடி முடிச்சிட்டு வந்தேன்."

ஆறுமுகத்தாய் தட்டில் ஒரு கரண்டி சோறு கூடுதலாக வைத்தாள்.

பரிசு கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு ஹாஸ்டல் மாணவர்கள் இரண்டு பேர், ஒருவன் நாசிக் ஊர்க்காரன், ஒருவன் கொச்சிக்காரன், ஸ்ரீவத்ஸனிடம் வழி கேட்டுக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார்கள். அந்த மூன்றாவது பாட்டின் கேசட் வேண்டும் என்றார்கள். கேசட் ஏது? இவர்கள் விழித்தார்கள். கணேசபாண்டியன் அணுசக்தி நகரில் ஒரு நண்பரிடமிருந்து டேப் ரிக்கார்டரும் இரண்டு மைக்கும் வாங்கிவந்தார். ஒரு மைக்கைப் பைகளுக்கு நடுவில் தொங்கவிட்டார், இன்னொன்றை பூமாரியின் முன்னால் தையல் மெஷினோடு கட்டிவைத்தார். ஐந்து சொந்தப் பாட்டுகளை ஒரே காலையில் பதிந்தார்கள். மூன்றாவது பாட்டுக்குள் வெளியே தண்ணீர்க் குழாயில் பெண்கள் சண்டை போடுவதும் பதிந்துவிட்டது. நன்றாக இருக்கிறது என்று அதை அப்படியே விட்டார்கள்.

அந்த கேசட் எப்படிப் பரவியது என்று அவர்களுக்கே தெரியாது. ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரதி எடுத்து, ஹாஸ்டல்களுக்குப் போயிற்று, தூரத்துக் கல்யாண் ஊரிலிருந்து ரயிலில் தினம் வந்துபோகிற கல்லூரிப் பிள்ளைகள் கைக்கும் போயிற்று. பொங்கலுக்கு அணுசக்தி நகர் விழாவில் வாசித்தபோது பெரியவர்கள் பாதிப் பேர் எழுந்து போனார்கள், பிள்ளைகள் முன்வரிசைக்கு நகர்ந்து வந்தார்கள். மார்ச்சில் சயானில் ஒரு கல்லூரி, பெயர் சொல்லியே அவர்களைக் கூப்பிட்டது. அங்கே 'யாரு பேசுதது' ஆரம்பித்ததும் கூட்டமே அதைப் பாடியது. தமிழ் தெரியாத பிள்ளைகள் 'பேசுதது'வை என்னென்னவோ ஆக்கிக் கத்தினார்கள். பூமாரி ஒரு வரியைப் பாடாமல் நிறுத்திக் கேட்டாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அவள் மேடையில் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஒரு நாள் போர்டில் ஒரு போன் வந்தது. அவள், "நமஸ்தே, எந்த எக்ஸ்டென்ஷன்?" என்று கேட்டதும் எதிர்முனையில் ஓர் இளைஞன் தயங்கினான். "மேடம், நீங்க... அந்த கேசட்டுல பாடுறவங்களா?" என்றான் இந்தியில். ஆமாம் என்றாள். எதற்காகப் போன் செய்தோம் என்பதையே அவன் மறந்துவிட்டு வைத்துவிட்டான். குரலைக் கேட்ட உடனே ஒருவன் அவளை மேடம் என்று கூப்பிட்டது வேலைக்கு வந்த இந்த இரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான்.

எண்பத்தேழு தீபாவளி கழிந்து ஒரு கேசட் கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். பெயர் கிஷன்லால். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு, நல்ல மனிதர். தன் ஸ்டூடியோவுக்கு அவர்களைக் கூட்டிப்போய் டீ வரவழைத்துக் கொடுத்து, 'யாரு பேசுதது'வைப் பதியச் சொன்னார். பதிந்ததும் மெஷினில் ஒரு குமிழைக் கொஞ்சம் திருகிவிட்டு, "இப்போ கேளுங்க" என்றார்.

ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெண் பாடினாள். மெல்லிய, இனிப்பான குரல். வார்த்தைகள் பூமாரியுடையவை, மூச்சு விடும் இடங்களும் அவளுடையவைதான்.

"டேப்பைக் கொஞ்சம் வேகமா ஓட விட்டிருக்கேன், அவ்வளவுதான்" என்றார் கிஷன்லால். "இப்படிப் போட்டா கடைக்குக் கடை விக்கும். அடுத்ததுக்கு இந்தி வரி பார்த்துக்கலாம்."

பூமாரிக்கு அது பிடிக்காமல் இல்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம். சின்ன வயதிலிருந்து எந்தக் குரலுக்காகத் தேன் குடித்தாளோ அந்தக் குரல் எதிரே பெட்டிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டாள். யோசித்துச் சொல்கிறோம் என்று ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

வீட்டில் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினாள். ஆறுமுகத்தாய் கண் கலங்கிவிட்டாள். "ஏட்டி, இது நீயா? இப்படியே பாடேன்!" என்றாள். மறுபடி மறுபடி போடச் சொல்லிக் கேட்டாள். அப்புறம், "எங்க, ஒரு வரி பாடிக் காட்டு" என்றாள். பூமாரி பாடினாள். அவளுடைய குரலில்தான் வந்தது. அம்மா பெட்டியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "அப்போ அது யாரு?" என்றாள் உண்மையாகவே புரியாமல்.

அன்றைக்கே பூமாரி முடிவு செய்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்று அவளுக்குத் தெளிவாயிற்று. அந்தக் குரலை யாரும் மேடைக்குக் கூட்டிப்போக முடியாது. அந்த கேசட்டைக் கேட்டுவிட்டு வருகிறவர்கள் எதிரே இவள் போய் நின்று வாயைத் திறந்தால் மறுபடி இட்லி பறக்கும். இந்தத் தடவை அவர்கள் சிரிப்பதில் நியாயமும் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அதைச் சொன்னாள். வாஹித் உடனே, "எனக்கும் வேணாம். டிரம்ஸ் டிரெயினப் பிடிக்க ஓடுத மாதிரி கேக்குது. நான் அப்படியா அடிச்சேன்?" என்றான். கணேசபாண்டியன் மெதுவாகத் தலையசைத்தார். ஸ்ரீவத்ஸன் மட்டும் கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினான்.

"உங்களுக்கெல்லாம் வேலை இருக்கு. எனக்கு என்ன இருக்கு?" என்றான். "இந்த சான்ஸ் இன்னொரு தரம் வராது. நீங்க யோசிக்கவே இல்லை." அப்படியே எழுந்து போய்விட்டான்.

மூன்று ஞாயிறு அவன் வரவில்லை. மூவரும் கிட்டார் இல்லாமல் வாசித்துப் பார்த்தார்கள், பாட்டுகள் சட்டை போடாதவை போல இருந்தன. நான்காவது வாரம், மத்தியான வேளையில், பூமாரி போர்டிலிருந்து மாட்டுங்காவில் அவன் வீட்டு நம்பரைச் சுழற்றினாள். சொந்தப் போன் பேசக் கூடாது என்பது கம்பெனி விதி. அவள் அந்த விதியை மீறியது அந்த ஒரு தடவைதான்.

அவனே எடுத்தான். "ஹலோ."

"நான்தான்."

"தெரியறது. உங்க குரல் தெரியாதா?" குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கோவமா இருக்கேளா?"

"இல்ல. நீங்க ஏன் வரலன்னு கேக்கத்தான் பண்ணுனேன்."

அவன் சொன்னான். டிகிரி முடித்து ஆறு மாதம் ஆகிறது. ஏப்ரலுக்குள் கேசட் வெளியே வந்தால் அவன் இஷ்டம், வராவிட்டால் பேங்க் பரீட்சை எழுத வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். "எழுதினா பாஸ் பண்ணிடுவேன், அதான் பயமா இருக்கு" என்றான். "அப்புறம் அங்கேயே உக்காந்துண்டு இருக்க வேண்டியதுதான். பேண்ட் அவ்வளவுதான்."

"நான் எங்கன உக்காந்திருக்கேன்?" என்றாள் பூமாரி.

"புரியல."

"நான் ஆறு நாளும் இந்த நாற்காலியிலதான் உக்காந்திருக்கேன். அண்ணாச்சி ஆறு நாளும் ஸ்டாஃப் பஸ்ல போயிட்டு வாராரு. வாஹித் தோல் வெட்டுதான். நாங்க பாடாமலா இருக்கோம்? பரீட்சை எழுதுங்க. பேங்குக்கும் ஞாயித்துக்கெழம லீவுதான்."

எதிர்முனையில் அவன் சிரிக்க ஆரம்பித்தான். வெகுநேரம் சிரித்தான். சிரிப்பு முடிகிற இடத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது. "நான் இதை யோசிக்கவே இல்லை பாருங்கோ" என்றான்.

"கிஷன்லாலுக்கு யாரு சொல்லுதது?" என்று கேட்டாள்.

"நானே சொல்றேன். இங்கிலீஷ்ல மரியாதையா."

கிஷன்லால் கோபித்துக்கொள்ளவில்லை. குரலை மாற்றாமல் போடத் தனக்குத் தைரியம் இல்லை என்று ஒளிக்காமல் சொன்னாராம். பதிந்த டேப்பைக் குமிழ் திருகாமல் அவர்களிடமே கொடுத்தும் விட்டார். கணேசபாண்டியன் அந்தப் பாட்டோடு பட்டறையில் பதிந்த புதுப் பாட்டுகள் ஆறையும் சேர்த்து அவர்களுடைய சொந்த கேசட்டாகப் போட்டார். உறைக்கு வாஹித் பட்டறை அட்டையை வெட்டிக் கொடுத்தான். அதன் மேல் தோல் முத்திரை குத்தும் அச்சை வைத்து 'தொண்ணூறடி' என்று ஒவ்வொன்றிலும் கையால் அழுத்தினான். எழுத்துகளை பூமாரி வரைந்து கொடுத்திருந்தாள். 'ண்ணூ' வருகிற இடத்தில் முதல் இருபது உறைகள் கோணலாகிவிட்டன. இரண்டு மாதத்தில் எல்லாம் தீர்ந்தது. ஸ்ரீவத்ஸன் பரீட்சை எழுதினான், பயந்தபடியே பாஸானான், செம்பூர்க் கிளையிலேயே வேலையும் கிடைத்தது.

எண்பத்தெட்டு மே மாதம் கல்யாணிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கிருந்து தினம் ரயிலில் வந்துபோகிற தென்னிந்தியக் குடும்பங்களின் பிள்ளைகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். ஒரு ஞாயிறு மாலை, ஒரு மண்டபத்தில், தொண்ணூறடி மட்டும். வேறு பேண்ட் இல்லை, போட்டி இல்லை, ஒன்றரை மணி நேரம். அவ்வளவு நேரம் பாட அவர்களிடம் பாட்டு இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தார்கள். பன்னிரண்டு பாட்டு இருந்தது, பதின்மூன்றாவது பாதியில் நின்றது. சரி என்று எழுதிப் போட்டார்கள்.

டிரம்ஸைக் கொண்டுபோவதுதான் பெரிய பாடாயிற்று. வானமாமலை பொறுப்பேற்றுக்கொண்டார். எந்த வண்டியில் கூட்டம் இருக்காது, லக்கேஜ் பெட்டி பிளாட்பாரத்தில் எங்கே வந்து நிற்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சயான் ஸ்டேஷனில் மத்தியானம் ஒன்றரைக்கு அவரே பெரிய டிரம்மைத் தூக்கி ஏற்றினார். காய்கறிக் கூடைகளுக்கும் மீன்கூடைகளுக்கும் நடுவே ஆம்ப்ளிஃபயரின் மேல் கணேசபாண்டியன் உட்கார்ந்துகொண்டார். மீன் கூடைக்காரி ஒருத்தி டிரம்மைத் தட்டிப் பார்த்துவிட்டு, கல்யாணமா என்று மராட்டியில் கேட்டாள். பாட்டுக் கச்சேரி என்றான் வாஹித். யார் பாடுவது என்றாள். நான்தான் என்று பூமாரி சொன்னதும், அவள் குரலைக் கேட்டு நிமிர்ந்து பார்த்து, "நல்ல கனமான குரல், மார்க்கெட்டில் கூவி விற்க உதவும்" என்றாள். பூமாரி அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

மண்டபத்தில் உட்கார இடம் இல்லை. ஜன்னல்களிலும் ஆட்கள் நின்றார்கள். ஆறுமுகத்தாய் முதல் தடவையாக வந்திருந்தாள், நடுவரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. அவளுக்கு இருபுறமும் கல்லூரிப் பிள்ளைகள். பூமாரி முதல் வரியைப் பாடியதும் அம்மா சட்டென்று இருபக்கமும் திரும்பிப் பார்ப்பது மேடையிலிருந்தே தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் இருந்த பெண் கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடினாள். ஆறுமுகத்தாய் அந்தப் பெண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மேடைப் பக்கம் திரும்பினாள். அதன் பிறகு எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

பன்னிரண்டு பாட்டும் முடிந்தது. கூட்டம் எழுந்திருக்கவில்லை. "இன்னொன்று" என்று தமிழிலும் இந்தியிலும் மலையாளத்திலும் கேட்டார்கள். நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாதிதானே இருக்கு" என்றான் ஸ்ரீவத்ஸன் காதருகில்.

"பாதியப் பாடுவோம்" என்றாள் பூமாரி. பிறகு மைக்கில், "ஒரு புதுப் பாட்டு இருக்கு. இன்னும் எழுதி முடிக்கல. பரவாயில்லையா?" என்று கேட்டாள்.

பரவாயில்லை என்றார்கள்.

வாஹித் குச்சியைத் தட்டி எண்ணிக்கை கொடுத்தான். எழுதியிருந்த வரிகள் வரை பாடினாள். வரிகள் தீர்ந்த இடத்தில் நிறுத்தவில்லை, வார்த்தை இல்லாமலே தாழ்ந்த சுருதியில் ராகத்தை இழுத்துக்கொண்டு போனாள். பேஸ் அவள் கூடவே இறங்கியது. அது எங்கே போய் முடியும் என்று நாலு பேருக்கும் தெரியாது. போய்த்தான் பார்ப்போம் என்று போனார்கள்.

மீதி வரிகளை அடுத்த ஞாயிறு பட்டறையில் உட்கார்ந்து எழுதினார்கள்.